வாசலில் தொங்கும் மஞ்சள் கம்பி

பட்டறைக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், ஸ்பேனர் பலகைக்கு மேலே, ஒரு மஞ்சள் கம்பித் துண்டு தொங்குகிறதே, அதில்தான் நீங்கள் எல்லோரும் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறீர்கள். போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது யாரோ ஹெல்மெட்டையும் சேர்த்து மாட்டியிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். ரிட்டயர் ஆகிப் போனவள், விருந்தாளியாக வந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டார். "மேடம், பழைய கார் அடிப்பாகத்துக்கு எந்தக் கோட்டிங் பெஸ்ட்டு?" எந்தப் பாகத்துக்கு என்று திருப்பிக் கேட்டேன். "எல்லாத்துக்கும்தான் மேடம். மொத்தமா ஒரே கோட்டிங்கா அடிச்சிட்டா வேலை முடிஞ்சிடும்ல?" தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்கும் பதில் அந்த மஞ்சள் கம்பியில்தான் இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் லூர்துமேரி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, குடிகாட்டுப் பக்கம் முலாம் பூசும் ஒரு கம்பெனியின் லேபில் சில வருஷம் இருந்தேன். அப்புறம் இந்தப் பட்டறை. பெயிண்ட், முலாம், மெழுகு என்று இரும்பின் மேல் பூசுவதெல்லாம் என் பொறுப்பு. அடிப்பாகத்தைக் கழற்றுவதும் மாட்டுவதும் ஆரோக்கியம் மாமாவின் பொறுப்பு. மாமா என்பது மரியாதைக்குச் சொல்வதில்லை. என் அக்கா பிலோமினாவின் வீட்டுக்காரர் அவர். ஆகையால் பகலில் பட்டறையில் நாங்கள் ஆரம்பிக்கும் சண்டை, சாயங்காலம் அக்கா வீட்டில் மீன் குழம்பு ஊற்றும்போதும் ஓயாது. "இரும்பப் பத்திப் பேசறதுன்னா ரெண்டு பேரும் எழுந்து வெளிய போங்க" என்று அக்கா கரண்டியை ஓங்குவாள்.

அவர் காலத்தில் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியைக் கஸ்டமர் கையில் கொடுப்பதற்கு முன்னால், அடிப்பாகத்தை மாட்டிய ஆள் முதல் ஓட்டம் போக வேண்டும். தனியாக இல்லை, பின் சீட்டில் தன் குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டு. கடலூரிலிருந்து சிதம்பரம், கீழ வீதியில் ஒரு காபி, திரும்பக் கடலூர். எழுதி வைத்த சட்டமில்லை, முதலாளி சொன்னதும் இல்லை. ஆரோக்கியம் மாமாவாக ஆரம்பித்தது. அக்காவுக்கு அதில் பெருமை. எத்தனையோ பணக்காரர்களின் பழைய கார்களில் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தவள் அவள்தான்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். பரங்கிப்பேட்டை ஹாஜா பாய் ஒரு பழைய அம்பாசிடரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சவூதியில் வேலை பார்ப்பவர், மகள் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார். வண்டி அவருடைய வாப்பா டாக்ஸியாக ஓட்டியது. அந்த ஊரில் பிரசவ வலி எடுத்தால் கூப்பிடும் முதல் வண்டி அதுதானாம். ஹாஜா பாயே அந்தப் பின் சீட்டில்தான் பிறந்தாராம், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்னாலேயே. மகள் ஷமீமாவை நிக்காஹ் முடிந்ததும் அதே வண்டியில் ஏற்றிக் கடலூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை.

வண்டியை இறக்கிய அரைமணி நேரத்தில் தெருவிலிருந்த பூனையெல்லாம் அதன் அடியில் கூடிவிட்டது. என்னடா கூத்து என்று படுத்துப் பார்த்தால், அடிப்பாகம் முழுக்க மீன் எண்ணெய் வாடை. படகுக்குப் பூசுகிற எண்ணெயை ஹாஜா பாயின் வாப்பா ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் காருக்கு அடியில் பூசியிருக்கிறார். நாங்கள் சிரித்தோம். அழுக்கைச் சுரண்டிய பிறகு சிரிப்பு நின்றது. எண்ணெய் ஏறிய இடமெல்லாம் இரும்பு கிண்ணென்று இருந்தது. பிற்பாடு யாரோ தார் மாதிரி கெட்டியாக ஒரு பூச்சைப் பூசிவிட்ட இடத்தில், தார் நன்றாகத்தான் இருந்தது, அதற்குள்ளே தகடு அப்பளமாக நொறுங்கியது. கெட்டியான பூச்சு ஒரு இடத்தில் கீறினால் போதும். தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் உட்கார்ந்துவிடும், மேலே பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த டாக்ஸிக்கார மனுஷருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, எனக்கு அவர்மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

ஹாஜா பாய்க்கு மீன் எண்ணெயில் மனசில்லை. வெளிநாட்டில் ஒரு கார் கண்காட்சியில் அடிப்பாகமெல்லாம் தங்க நிறத்தில் மின்னுவதைப் பார்த்திருக்கிறார், போனில் போட்டோ வைத்திருந்தார். "மேடம், எங்கூரு கடக்காத்துல பெயிண்டு ஒரு மழைக்கு நிக்காது. இந்த மஞ்ச முலாம் போட்டுத் தாங்க. அடியில குனிஞ்சு பாத்தா தங்கமா இருக்கணும்."

தப்பான ஆசை இல்லை. துத்தநாக முலாம் பூசி மஞ்சள் ஏற்றினால் உப்புக் காற்றுக்கு நல்ல தடுப்புதான். கிளிப்பு, பிராக்கெட், பிரேக் தகடு, சாதா போல்ட்டு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டேன். முன்பக்கத்து டார்ஷன் ராடு இரண்டை மட்டும் தனியாக எடுத்துச் சுவரோரம் சாய்த்து, "இதுக்குப் பெயிண்டுதான் மாமா, இத அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, வருஷா வருஷம் போவதுபோல் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போய்விட்டேன்.

லாரிப் பக்கமிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய அம்பாசிடருக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு நேர்க்கம்பி, அவ்வளவுதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு திரும்பும். அதற்கென்றே உரமேற்றிய கெட்டி இரும்பு. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அது முறுக்கிலேயே இருக்கும், ஓய்வே கிடையாது.

நான் திரும்பி வந்தபோது பட்டறையே ஜொலித்தது. முலாம் போன சாமானெல்லாம் வந்து வரிசையாக அடுக்கியிருந்தது. நடுவில் அந்த இரண்டு டார்ஷன் ராடும், தலை முதல் கால் வரை மஞ்சள். எனக்குக் கால் வலியெல்லாம் மறந்துவிட்டது.

"மாமா, இத யாரு அனுப்புனது?"

"நான்தான். ஏன், நல்லால்லியா?" சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நீ பெயிண்டுன்னு சொன்ன. நான் யோசிச்சன். பரங்கிப்பேட்டைல உப்பு எவ்ளோ ஜாஸ்தி, அந்தக் கருப்புப் பெயிண்டு எத்தினி நாளு நிக்கும்? வண்டியவே தாங்கற கம்பிக்குத்தானே நல்ல காப்பு வேணும்? கிளிப்புக்குத் தங்கம், இதுக்குக் கரியா?"

அவர் யோசனையில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. கடற்கரையில் பிறந்து துருவோடு சண்டை போட்டே வளர்ந்த எந்த மெக்கானிக்கும் அதையேதான் செய்திருப்பார். முலாம் பூசியவர்கள் மேலும் தப்பில்லை. சொல்லாமல் அனுப்பியதை அவர்கள் மற்ற சாமானோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

முலாம் பூசும்போது முதலில் ஆசிட்டில் முக்குவார்கள். அப்போதும், கரண்ட் ஓடும்போதும், ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். சாதா இரும்பு அதைப் பொருட்படுத்தாது. உரமேற்றிய இரும்பு உள்ளுக்குள்ளே உளுத்துப் போகும். பூசிய கையோடு அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். நாள் தாண்டிவிட்டால் அப்புறம் சூடாக்கியும் நம்ப முடியாது. நான் லேபில் இருந்தபோது, சூடாக்காமல் விட்ட ஸ்பிரிங் வாஷர்களை ஒரு தகட்டில் இறுக்கி மேஜைமேல் வைத்திருந்தோம். யாரும் தொடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், டிக் டிக்கென்று ஒவ்வொன்றாகத் தானே உடைந்தது. அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை.

இதையெல்லாம் சொன்னேன். மாமா கம்பியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க உளுத்திருக்கு, காட்டு."

"கண்ணுக்குத் தெரியாது மாமா."

"கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது, உனக்கு மட்டும் தெரியும். ஏம்மா லூர்து, இத வெச்சிக்கினு நான் பாய்கிட்ட என்னா சொல்றது?"

முதலாளியும் வந்துவிட்டார். நிக்காஹ்வுக்கு ரொம்ப நாள் இல்லை, வண்டியைக் கோத்தால்தான் பெயிண்ட் வேலை முடியும், டார்ஷன் ராடு புதிதாகக் கடையில் கிடைக்கிற சாமானும் கிடையாது. "இது ரெண்டும் உடையும்னு நிச்சயமா சொல்ல முடியுமா லூர்து?" என்று கேட்டார். முடியாது என்றுதான் சொன்னேன், அதுதான் உண்மை. உடையலாம், உடையாமலும் போகலாம். "அப்பறம் என்னா? மாட்டுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு முதல் ஓட்டம் ஞாபகம் வந்தது. அந்த வண்டியில் முதலில் உட்காரப் போவது என் அக்கா. அப்புறம் ஷமீமா. எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

"மாட்டிக்கங்க. ஆனா எங்க அக்கா அதுல ஏற மாட்டா. நான் விட மாட்டன்."

பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "எம் பொண்டாட்டிய நான் சாவடிப்பன்னு சொல்றியா?" என்றார். அவர் வெளியே போய்ப் புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அக்கா வீட்டில் நான் சாப்பிடப் போகவில்லை.

மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்னாலேயே அவர் வேலையில் இருந்தார். உடைந்த பழைய சேசிஸ் துண்டு ஒன்றைத் தரையோடு சேர்த்து போல்ட்டு போட்டு இறுக்கியிருந்தார். அதில் ஒரு டார்ஷன் ராடின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையில் நெம்புகோல் மாதிரி நீளக் கை ஒன்றைக் கோத்து, செயின் பிளாக் போட்டுக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் மணல் மூட்டை, மேலே பழைய டயர்.

"வண்டியில அஞ்சு பேரு உக்காந்து, டிக்கில சாமான் வெச்சா எவ்ளோ முறுக்கு வருமோ, அவ்ளோ குடுத்திருக்கன்" என்றார், என்னைப் பார்க்காமல். "நீ சொன்ன வாஷரு தானா உடைஞ்சதில்ல? இதுவும் தானா உடையட்டும். உடைஞ்சா உன் பேச்சு. உடையலன்னா உங்கக்காவ நான் கூட்டிக்கினு போறன்."

நான் அசந்துபோய் நின்றேன். லேபில் பெரிய பெரிய இயந்திரத்தை வைத்துச் செய்கிற சோதனை அது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்திருக்கிறார் மனுஷன், தன் பக்கம் சரி என்று காட்டுவதற்கு இல்லை, எது சரி என்று தெரிந்துகொள்வதற்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடுத்து நடந்ததில் எனக்குப் புரிந்தது.

அன்றைக்கு முழுதும் கம்பி அசையவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு காதை அங்கேயே வைத்திருந்தார்கள். யாராவது ஸ்பேனரைக் கீழே போட்டால் எல்லோரும் திடுக்கிட்டார்கள். மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி வந்து, "ஆரோக்கியம், போதும்யா, தாங்கிடுச்சில்ல?" என்றார். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். "மேடம், இன்னும் உளுக்கலியா?" என்று ஒருத்தன் கேட்டான். அக்கா வேறு போன் பண்ணி, "பத்து பேரு முன்னால அந்த மனுஷன அப்பிடிக் கேக்கலாமாடி?" என்று அழுதாள்.

எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. முலாம் பூசுகிற இடத்தில் வேறு யாராவது யோசித்துச் சூடாக்கி இருப்பார்களோ என்னவோ என்று நினைத்தேன். மாமாவிடம் போய், "எடுத்துடலாமா மாமா?" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க லேபுல எவ்ளோ நேரம் வெப்பீங்க?"

"இன்னும் கொஞ்ச நாளு வெப்போம்."

"அப்ப இருக்கட்டும்."

"பாய் கேட்டா?"

"நான் பேசிக்கிறன். பொண்ணு உக்காரப் போற வண்டி. உனக்குக் கோவம் வந்தப்ப நம்புன, இப்ப ரெண்டு பேரு சிரிச்சதும் நம்ப மாட்டியா? போய் வேலையப் பாரு."

நான் தோற்றால் அவர் ஜெயிப்பார். ஜெயிப்பதற்குச் செயினை அவிழ்த்தால் போதும், முதலாளி உத்தரவும் கொடுத்தாகிவிட்டது, நானும் விட்டுக்கொடுத்தாகிவிட்டது. அவர் அவிழ்க்கவில்லை. என் வேலைக் காலத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தனக்கு எதிரான சோதனையைப் பக்கத்தில் நின்று காவல் காத்த ஒரே ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கு மறுநாள் பதினோரு மணி டீ. எல்லோரும் வெளியே மரத்தடியில் நிற்கிறோம். உள்ளே ஆள் இல்லை. துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். மணல் மூட்டை ஒன்று கிழிந்து மணல் கொட்டுகிற சரசரப்பு. அப்புறம் செயின் ஆடுகிற சத்தம் மட்டும்.

உள்ளே ஓடினோம். கம்பி இரண்டாக முறிந்து கிடந்தது. வளையவில்லை, இழுபடவில்லை. முறிந்த முகம் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் மணல் மணலாகப் பளிச்சென்று இருந்தது. முலாம் ஒரு இடத்தில்கூட உரியவில்லை.

மாமா குனிந்து ஒரு துண்டைக் கையில் எடுத்தார். முறிந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். என்னைப் பார்த்து, "மாதாவே, பிலோமினாவ இதுல உக்கார வெச்சிருப்பனே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

சாயங்காலமே ஹாஜா பாயை வரச் சொன்னார். மகள் ஷமீமாவும் கூட வந்திருந்தது, கல்யாணச் சாமான் வாங்கக் கடலூர் வந்த இடத்தில். முதலாளி, "சாமான் கொஞ்சம் லேட்டாவுதுன்னு சொல்லு, மத்ததெல்லாம் எதுக்கு?" என்று காதைக் கடித்தார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே போய், இரண்டு துண்டையும் ஹாஜா பாய் கையில் கொடுத்தார்.

"பாய், இதுக்கு முலாம் போடக் கூடாதுன்னு லூர்து சொல்லிச்சி. நான்தான் கேக்காம அனுப்பிட்டன். தானா உடைஞ்சிடுச்சி. இன்னொண்ணும் இதே கதிதான், அதையும் மாட்ட மாட்டன். வேற ராடு தேடணும். கெடச்சா வண்டி வரும், கெடைக்கலன்னா வராது. என்னய எவ்ளோ வேணா திட்டுங்க."

ஹாஜா பாய் திட்டத்தான் வாயைத் திறந்தார். கல்யாண வீட்டில் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன், இப்போது வந்து இப்படிச் சொன்னால் என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த துண்டின் கனத்தை உணர்ந்தாரோ என்னவோ, நிறுத்திவிட்டார். மகளைப் பார்த்தார். "எம்மவ உக்காந்திருக்கும்போது இது ஆயிருந்தா?"

"ஒங்க மவளுக்கு முன்னால எம் பொண்டாட்டி உக்காருவா பாய். அதான் பட்டறை வழக்கம். அதனாலதான் லூர்து கத்துச்சி, அதனாலதான் இத கட்டி வெச்சன்."

ஹாஜா பாய் இரண்டு துண்டையும் மெல்லக் கீழே வைத்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "தேடுங்க. கெடைக்கலன்னா ஆட்டோல அனுப்பறன் எம்மவள."

"ஆட்டோன்னா எனக்குச் சந்தோஷம்தான் வாப்பா, காத்து வரும்" என்றது ஷமீமா. அத்தனை இறுக்கத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த நாள் நானும் மாமாவும் சிதம்பரம் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் கொல்லையில் ஓடாத அம்பாசிடர் ஒன்று நிற்பதாக ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்துத் தெரிந்தது. கோழி அடைத்து வைத்திருந்தார்கள் அதில். கோழியை இறக்கிவிட்டு, அடியில் படுத்து, மாமா அந்த இரண்டு கம்பியையும் கழற்றினார். இடது பக்கத்தது எது, வலது பக்கத்தது எது என்று உடனே துணி கட்டி அடையாளம் வைத்தார். வருஷக்கணக்கில் ஒரு பக்கமாக முறுக்கி வாழ்ந்த கம்பியை மறுபக்கம் மாட்டினால் அதுவும் உடையும், அதை எனக்குச் சொன்னது அவர்தான்.

டார்ஷன் ராடில் ஒரு கீறல் விழுந்தால்கூட அந்த இடத்திலிருந்து விரிசல் ஆரம்பிக்கும். அதனால் லாட்ஜ்காரரிடம் பழைய கம்பளி ஒன்று வாங்கி, இரண்டையும் சுற்றி, பஸ்ஸில் எங்கள் இருவர் மடியிலும் குறுக்காகக் கிடத்திக்கொண்டோம். கண்டக்டர், "என்னா பெருசு, உள்ள யாரு?" என்றார். "எங்கூட்டுப் பொண்ணு, தூங்குது, எழுப்பாத" என்றார் மாமா. முட்லூர் தாண்டி ஆலப்பாக்கம் வரைக்கும் ஒவ்வொரு குலுக்கலிலும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்தார்.

இனி அந்தக் கம்பிக்கு எதைப் பூசுவது என்பது என் வேலை. ஆசிட் கிட்டே வரக் கூடாது. கிரைண்டர் தொடக் கூடாது. பழைய பெயிண்டை ஊறவைத்துத் துணியால் துடைத்தே எடுத்தேன். நகம் மாட்டுகிற குழி எங்கும் இல்லை என்று தடவித் தடவிப் பார்த்தேன். மெல்லிசாக எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிசாகக் கருப்பு எனாமல், காய்ந்ததும் மெழுகு. மெல்லிசு என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாளைக்கு ஒரு விரிசல் விட்டால் அது பூச்சுக்கு வெளியே தெரிய வேண்டும், உள்ளே ஒளிந்துகொள்ளக் கூடாது. உப்புக்கு என்ன செய்வது என்றால், ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் வண்டியைத் தூக்கிக் கழுவி, துடைத்து, புதிதாக மெழுகு பூச வேண்டும். ஹாஜா பாயின் வாப்பா மீன் எண்ணெயை வைத்துக்கொண்டு அதைத்தானே செய்தார்? அவர் பூசியதைவிட, வருஷா வருஷம் அடியில் படுத்துப் பார்த்தது பெரிசு.

கிளிப்பும் பிராக்கெட்டும் தங்கமாக மின்ன, நடுவில் இரண்டு கருப்புக் கம்பி. மாமா மாட்டி முடித்ததும் சொல்லாமலே போய் அக்காவை அழைத்துக்கொண்டு வந்தார். அக்கா பட்டுப் புடவையில் வந்தாள். என்னை முறைத்தாள்.

"நீயும் ஏறுடி" என்றாள்.

ஏறினேன். சிதம்பரம் போனோம், கீழ வீதியில் காபி குடித்தோம், திரும்பினோம். ஆலப்பாக்கம் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தார். வண்டி மெத்தென்று எழுந்து நின்றது.

ஷமீமா அந்த வண்டியில்தான் போனது. ஹாஜா பாய் ஸ்டியரிங்கை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, மாமாவைத்தான் ஓட்டச் சொன்னார். இன்றைக்கும் லீவில் வந்தால் மழைக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறார், நீங்கள்தானே இப்போது மெழுகு பூசுகிறீர்கள்? பூசும்போது அவசரப்படாமல் அந்தக் கருப்புக் கம்பியைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை, மாமா முறிந்த துண்டு ஒன்றுக்கு இரண்டு பக்கமும் கம்பி கட்டி, வாசல் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். முதலாளி பதறிப்போய், "கஸ்டமரு வந்து போற எடம்யா. யாரு ஒடச்சதுன்னு கேட்டா?" என்றார்.

"ஆரோக்கியம்னு சொல்லுங்க சார். பேரு கேட்டா நானே வந்து சொல்றன்."

அப்படியே சொன்னார். ரிட்டயர் ஆகும் வரைக்கும், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரையும் அந்தச் சுவருக்கு அழைத்துப் போய், "இது நான் பண்ணது" என்று ஆரம்பிப்பார். எங்கள் வேலையில் எவ்வளவோ பெரிய மெக்கானிக்குகள் உண்டு. தாங்கள் ஜெயித்த வண்டியின் போட்டோவைச் சுவரில் மாட்டுவார்கள். இந்த மனுஷன் தன் தப்பை வாசலில் மாட்டினார், ஒரு வேலைக்காரரும் அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாத இடத்தில். எனக்குத் தெரிந்து அவரைவிடக் கைதேர்ந்தவர் யாருமில்லை.

இப்போது மாமாவுக்கு முட்டி வலி, பட்டறைக்கு வர முடிவதில்லை. சொல்ல ஆளில்லாததால் அது உங்களுக்குப் பை மாட்டுகிற கொக்கியாகிவிட்டது. போன வாரம் நீங்கள் காபி வாங்கப் போன நேரத்தில், பைகளை ஒதுக்கிவிட்டு அதைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷக் கடற்காற்றில் உங்கள் ஸ்பேனர் பலகை துருப்பிடித்துவிட்டது, ஆணி துருப்பிடித்துவிட்டது. அந்தத் துண்டின் மஞ்சளில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

சாப்பாட்டுப் பைக்கு வேறு ஆணி அடித்துக்கொள்ளுங்கள்.